யாருடைய வரிப்பணம்?

"எங்க வரிப்பணத்துல படிக்கிறீங்க" என்று உதவித்தொகை வாங்கும் நம் மாணவர்களிடம் இன்றும் சொல்கிறார்கள். சென்னை மாகாணத்தின் வரவு செலவுக் கணக்கைப் புரட்டினால் இந்தப் பேச்சு நிற்காது.

அன்று அரசு வருவாயைத் தாங்கியவற்றில் நிலவரியோடு கள், சாராய வரியும் முக்கியமானது. பட்டா ஆண்டையின் பேரில் இருந்தது, உழைப்பு சேரியினுடையது. கள்ளுக்கடையில் விழுந்ததிலும் கூலிக்காசு இருந்தது. 1937 அக்டோபரில் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அதனால் விழுந்த துண்டை அடைக்க 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. கட்டியவர் வணிகர் என்றுதான் ஏட்டில் இருக்கும். அவர் அதை விலையில் ஏற்றி வாங்கியது நம் பாட்டிகளிடமும்தான்.

இப்படித் திரண்ட பணத்தில் போட்ட சாலையில் நாம் நடப்பதற்கே சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்டது! 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் அதைக் கொண்டுவந்தார். அதே சாலையில் ஓடிய தனியார் பேருந்துகள் நம்மை ஏற்ற மறுத்தன. இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அதற்கு எதிராக உத்தரவு போட வேண்டியிருந்தது.

மெட்ரிக்குக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகை 1944-இல்தான் வந்தது, அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது. விற்பனை வரியை நாம் கொடுக்கத் தொடங்கி அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது.