வார் இழுத்தவன்

மோர் கடைகிறோம், கட்டில் காலையும் கடைகிறோம். மத்தும் கயிறுமாகச் செய்யும் வேலைக்கும், உளி பிடித்து மரத்தை உருட்டி எடுக்கும் வேலைக்கும் தமிழில் ஒரே சொல். இது சொற்பஞ்சத்தால் வந்ததல்ல என்பது என் அபிப்பிராயம். பழைய காலத்துக் கடைசல் யந்திரத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் உடனே விளங்கிவிடும். இரண்டு இரும்பு முனைகளுக்கு நடுவே மரத்துண்டைக் கிடத்தி, அதன்மேல் தோல் வாரைச் சுற்றி, ஒருவன் வாரின் இரு நுனிகளையும் மாறி மாறி இழுப்பான். மரம் ஒருமுறை இந்தப் பக்கம் சுழலும், மறுமுறை அந்தப் பக்கம். படுக்க வைத்த மத்துதான்! மரம் உளியை எதிர்த்து வரும்போது மட்டுமே சீவல் விழும். திரும்பும்போது உளியைச் சற்று விலக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே வார் இழுப்பவனின் உழைப்பில் பாதி வீண்.

எகிப்தில் பெட்டோசிரிஸ் என்ற பூசாரியின் கல்லறைச் சுவரில், கி.மு. 300 வாக்கில் செதுக்கிய சித்திரம் ஒன்று உண்டு. அதிலும் இரண்டே பேர்: ஒருவன் கையில் உளி, மற்றவன் கையில் வார். ஐரோப்பாவில் பிற்பாடு நீளமான கழியை மேலே வில்போல் வளைத்துக் கட்டி, கயிற்றைக் காலால் மிதித்து, இரண்டாவது ஆளை மிச்சம் பிடித்தார்கள். ஆள் குறைந்தான், வீண் சுற்று குறையவில்லை. மிதிகட்டையோடு கனத்த சக்கரத்தையும் சேர்த்து 1480 வாக்கில் லியனார்டோ டாவின்ஸி ஒரு படம் போட்டு வைத்தார். வேகம் பிடித்த சக்கரம், மிதி மேலே எழும் நேரத்திலும் தன் கனத்தாலேயே ஓடும்; மரம் ஒரே திசையில் சுழலும். பாற்கடல் கடைந்தவர்களுக்கு இந்த யுக்தி தெரிந்திருந்தால், வாசுகி பாவம், தப்பித்திருக்கும்.

எங்கள் பக்கத்துத் தெரு ஆசாரி, தம் பாட்டனார் கையாலேயே செய்த வார்க் கடைசல் ஒன்றைப் பரணிலிருந்து இறக்கிப் பழுது பார்த்தார். பிழைப்புக்கு மோட்டார் பூட்டியது தனியாக இருக்கிறது, இது ஆசைக்கு. உளுத்த கால் ஒன்றை மாற்றினார். தேக்குச் சட்டத்தை எண்ணெய் தேய்த்துத் துடைத்தார். அதுவரை எனக்குச் சம்மதம். பிறகு இடது பக்கத்து இரும்பு முனையைக் கழற்றிவிட்டுச் சுழலும் கதிர் ஒன்றைப் பொருத்தி, பழைய தையல் மெஷினின் மிதிகட்டையையும் சக்கரத்தையும் கீழே மாட்டினார். சக்கரம் லேசாக இருந்ததால் விளிம்பில் வேலமரத் துண்டுகளை அறைந்து கனம் ஏற்றினார். கனம் நடுவில் இருந்து பயனில்லையாம், விளிம்பில் இருக்க வேண்டுமாம்.

பழம் பொருளை இருந்தபடியே காக்க வேண்டும் என்பது என் கட்சி. "பாட்டனார் செய்ததை மாற்றலாமா?" என்று கேட்டேன்.

"பாட்டன் உளி பிடிச்சார். அப்பாவும் உளி பிடிச்சார். வார் பிடிச்சது நானுங்க, ஏழு வயசிலே. மத்தப் பசங்க சிலேட்டைத் தூக்கிக்கிட்டு இந்த வாசல் வழியாத்தான் போவாங்க" என்றார்.

அவர் மிதித்தார். சீவல் அறுபடாமல் சுருண்டு சுருண்டு விழுந்தது.

அந்த வாரையாவது பத்திரப்படுத்தலாமே என்றேன். சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்ததைக் காட்டினார். இப்போது உளி தீட்டுவது அதில்தான். பிடித்துப் பிடித்துக் கறுத்த நுனிகள் இரண்டும் அப்படியே இருந்தன.