மணலில் ஓடும் டயர்: மட்டக்களப்பு வாவியின் இரு கரைகள்

ஏறத்தாழ 3.7 முதல் 5 அங்குலம் வரை அகலமான டயர் பூட்டிய சைக்கிளுக்கு ஃபேட் பைக் என்று பெயர். பனிக்கும் மணலுக்குமென்று வட அமெரிக்காவில் உருவான வண்டி அது. அதற்கு எந்த டயர் பொருந்தும் என்பதை ஆராய மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் மிகத் தோதான இடம். ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம்வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளும் வாவி, இரண்டு வேறுபட்ட நிலங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை முழுவதும் மணல். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எல்லாம் அந்த மணற்பட்டியில் எழுந்த ஊர்கள். மேற்கே கொக்கட்டிச்சோலை, வவுணதீவு என விரியும் படுவான்கரையில் வயலும் களிமண்ணும் கிரவல் வீதியும். அகலமான டயர் என்றாலே நல்ல பிடிப்பு என்றும், சொகுசு வேண்டுமானால் பிடிப்பையோ வேகத்தையோ கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் இரண்டு எண்ணங்கள் பரவலாக உண்டு. இரண்டும் பாதி உண்மையே. சொகுசும் பிடிப்பும் பெரும்பாலும் ஒரே காரணத்தால், அதாவது டயருக்குள் காற்றைக் குறைப்பதால் வருகின்றன. அகலம் அப்படிக் குறைக்க இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் சில்லுக்கு எட்டும் ஆழத்தில் உறுதியான தளம் இருக்கும் நிலத்தில் இந்த விதி தலைகீழாகிவிடும்.

இந்தக் கரைகளில் முதலில் ஓடியது இரும்புப் பட்டை இறுக்கிய மரச் சில்லு. மாட்டு வண்டிலின் சில்லு ஒடுங்கியது, விட்டத்தில் பெரியது. விட்டம் பெரிதாக இருந்தால் மணலில் புதைந்த சில்லு முன்னேறிவரச் சரிவு சற்றுக் குறையும். மற்றப்படி மணலை வெல்ல வண்டில்காரருக்கு மாட்டின் வலுவைத் தவிர வேறு வழியில்லை. காற்றடைத்த டயருக்கு 1845இல் ராபர்ட் வில்லியம் தொம்சன் காப்புரிமை பெற்றார்; அது வழக்கத்துக்கு வரவில்லை. பெல்பாஸ்டில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லப் 1888இல் தன் மகனின் முச்சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடி கண்டுபிடித்தபோது அவர் தேடியது சொகுசு மட்டுமே. மறு வருடமே அந்த டயரோடு வில்லி ஹியூம் பந்தயங்களில் வென்றார். அதிர்வைக் குறைப்பதற்காகச் செய்த பொருள் வேகத்தையும் கூட்டியது. மேலும் கீழும் குதிப்பதில் வீணான உழைப்பு முன்னோக்கிச் செல்லத் திரும்பியதே காரணம். சொகுசும் வேகமும் ஒன்றையொன்று தின்னும் என்ற நம்பிக்கைக்கு அங்கேயே முதல் அடி விழுந்தது.  

இலங்கையிலும் இந்தியாவிலும் நிலைத்த சைக்கிள் 28க்கு ஒன்றரை அங்குல டயர் பூட்டிய கனத்த வண்டி. வாவியைச் சுற்றிலும் மீன் பெட்டி, நெல் மூட்டை, பிள்ளைகள் என எல்லாவற்றையும் சுமந்தது அதுதான். 1924இல் கல்லடிப் பாலம் திறக்கப்படும்வரை நகர மையமான புளியந்தீவிலிருந்து எழுவான்கரைக்கு வாவியைக் கடக்கத் தோணிதான். மண்முனைத் துறையில் 2014இல் பாலம் வரும்வரை பாதை எனப்படும் மிதவையில் மனிதரும் சைக்கிளும் சேர்ந்தே கரை மாறினார்கள். பாரம் சுமக்கவென்று இந்தச் சைக்கிளின் டயருக்குள் சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தல் அளவில் காற்று இறுக்குவது வழக்கம். தார் வீதிக்கு அது சரி. வீதியை விட்டு மணலுக்குள் இறங்கினால் நிலைமை மாறிவிடுகிறது.

ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஆறு பங்கு பின்சில்லில் இறங்கும். ஏறத்தாழ 120 இறாத்தல். டயரின் தோல் மெல்லியதாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமே தரையின் மேலும் விழும். 50 இறாத்தல் அழுத்தத்தில் டயர் தரையைத் தொடும் பரப்பு இரண்டரைச் சதுர அங்குலத்துக்கும் குறைவு. 8 இறாத்தலாக இறக்கினால் 15 சதுர அங்குலம். உலர்ந்த மணலின் துகள்களை ஒன்றோடொன்று பிணைப்பது எதுவும் இல்லை. சிறு பரப்பில் பாரம் விழுந்தால் அவை பக்கவாட்டில் நழுவிச் சில்லுக்கு இடம்விடுகின்றன. புதைந்த சில்லு ஒவ்வொரு கணமும் தன் முன்னாலுள்ள மணலைத் தள்ளிப் பள்ளம் தோண்டியபடியே போக வேண்டும். மிதிப்பவரின் வலு அங்கேதான் செலவாகிறது. ஆகவே மணலில் பிடிப்பு என்பது பற்றிப்பிடிப்பதைவிட அதிகம் மிதப்பதைப் பொறுத்தது. டயரில் எழுந்து நிற்கும் பட்டன்கள் ஆழமாக இருந்தால் அவை மணலை இறுக்குவதில்லை, கிளறித் தளர்த்துகின்றன. ஒன்றரை அங்குல டயரில் 8 இறாத்தல் காற்று வைத்து ஏன் ஓட்டக்கூடாது என்று கேட்கலாம். மணலுக்குள் கிடக்கும் ஒரு கல்லிலோ வேரிலோ டயர் தட்டையாகி ரிம் இடிக்கும். டியூப் இரு பக்கமும் வெட்டுப்படும். நாலங்குல டயரில் ரிம்முக்கும் தரைக்கும் இடையே காற்றின் ஆழம் மிச்சம் இருப்பதால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. அகலத்தின் முதல் பயன் இதுவே.

மோட்டார் வண்டி ஓட்டியவர்கள் இதை முன்னரே அறிந்திருந்தார்கள். பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர் ரால்ஃப் பாக்னோல்ட் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் டயர்க் காற்றைக் குறைத்தே லிபியப் பாலைவன மணற்குன்றுகளைக் கடந்தார். நிலத்தின் மேல் வாகனங்கள் நகர்வதை 1956இல் ஒரு நூலாகவே கோட்பாடாக்கியவர் போலந்தில் பிறந்த பெக்கர். பின்னர் சந்திரனில் ஓடிய வண்டியின் உருவாக்கத்திலும் அவர் பங்கெடுத்தார். சைக்கிளுக்கு இந்த அறிவு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. அலாஸ்காவில் 1987இல் தொடங்கிய இடிட்டாபைக் பனிப் பந்தயத்தில் ஓடியவர்கள் ரிம்களைப் பக்கம் பக்கமாக இணைத்தும் அகலப்படுத்தியும் பார்த்தார்கள். அதே காலப்பகுதியில் நியூ மெக்ஸிக்கோவில் ரே மொலினா மணலுக்கென்றே மூன்றரை அங்குல டயரும் அதற்கேற்ற அகல ரிம்மும் செய்வித்தார். இரண்டும் சேர்ந்த பின், 2005இல் சர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற சைக்கிளையும் 3.7 அங்குல என்டோமோர்ஃப் டயரையும் கடைக்குக் கொண்டுவந்தது. அந்த டயரின் பட்டன்கள் ஆழமற்றவை. பிறகு வந்த 4.8, 5 அங்குல டயர்களில் ஆழமான பட்டன் கூடியதற்கு மணலைவிடப் பனியும் காட்டுவழியுமே காரணம். எழுவான்கரைக்கு டயர் தெரிவு செய்பவர் கடையில் கண்ணுக்கு முரடாகத் தெரியும் டயரை நாடுவது தவறு. அங்குலத்துக்கு 120 நூலிழை நெய்த மெல்லிய தோலும் தாழ்ந்த பட்டனும் உள்ளதே மணலுக்கு உகந்தது. தடித்த விறைப்பான தோல் காற்றைக் குறைத்தாலும் தளராது. மலிவு ஃபேட் பைக்குகளின் டயர் பார்வைக்குப் பருத்திருந்தும் மணலில் கனப்பதற்கு இதுதான் காரணம்.

கடற்கரை ஈர மணலில் சாதாரணச் சைக்கிளே ஓடுகிறதே, பிறகு இந்தப் பருத்த டயர் எதற்கு என்ற மறுப்பு நியாயமானது. ஈர மணலில் துகள்களுக்கு இடையேயுள்ள நீர்ப்படலம் அவற்றைப் பிணைத்து வைப்பது உண்மை. ஆனால் இலங்கைக் கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீற்றரையும் எட்டுவதில்லை. வற்றுப்பெருக்கு பெரிதாக உள்ள நாடுகளில் கடல் விலகும்போது நூற்றுக்கணக்கான மீற்றர் இறுகிய மணல் வெளிப்படும். இங்கே கிடைப்பது ஓர் ஒடுங்கிய பட்டை. அதற்குக் கீழே போனால் நீர் நிறைந்து மணல் மறுபடி இளகும், மேலே போனால் காய்ந்த மணல். பாசிக்குடாவின் ஆழமற்ற குடாவில் விடயம் சற்று இலகு; கல்லடி, நாவலடிப் பக்கத்துத் திறந்த கடலில் அலை அந்தப் பட்டையையும் அடிக்கடி நனைத்துக் குலைக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல் மணல் பொடிப்பொடியாகக் காய்ந்துவிடும். சாதாரணச் சைக்கிள் ஓடும் இடமும் காலமும் உண்டு; ஆனால் வழியைத் தெரிவு செய்வது ஓட்டுபவர் அல்ல, கடல்.

இதைவிடக் கடினமான மறுப்பு படுவான்கரை வயலிலிருந்து வருகிறது. மாரி தொடங்கி உழவு நடக்கும்போது இரு சில்லு உழவு இயந்திரத்துக்கு றப்பர் டயரைக் கழற்றிவிட்டு இரும்புக் கூட்டுச் சில்லு பூட்டுகிறார்கள். மிதப்பதே சிறந்ததென்றால் தகடு தகடாக நிலத்தை வெட்டும் இரும்பு ஏன்? பலகாலம் உழுது சேறாக்கிய வயலில் சேற்றுக்கு அடியில் இறுகிய ஒரு படை உருவாகியிருக்கும். தகடு சேற்றை ஊடுருவி அந்தத் தளத்தின் பலத்தைத் தொட்டு உந்துகிறது. கடற்கரை மணலில் அப்படி ஒரு தளம் எட்டும் ஆழத்தில் இல்லை. எவ்வளவு தோண்டினாலும் மணல்தான். ஆகவே இரு அனுபவங்களும் முரண்படவில்லை. சைக்கிளுக்கும் இது அப்படியே பொருந்தும். மழைக்குப் பின் இறுகிய கிரவலின் மேல் ஓரங்குலச் சேறு படிந்திருந்தால், அகலமான தட்டை டயர் அந்தச் சேற்றின் மேலேயே வழுக்கும். ஒடுங்கிய டயர் அதை வெட்டிக் கீழே உள்ள கிரவலைப் பிடிக்கும். களிமண் ஒட்டிக்கொண்டால் அகல டயர் பாரம் ஏறி, வண்டியின் கவைக்கும் டயருக்கும் இடையே அடைத்துக்கொள்ளவும் செய்யும். படுவான்கரை மாரிக்கு இரண்டரை அங்குலத்துக்கு உட்பட்ட, இடைவெளிவிட்ட பட்டன் உள்ள டயரே ஏற்றது. கோடையில் அதே கிரவல் வீதி வரிவரியாகக் காய்ந்து உடம்பை உலுக்கும்போது பருத்த டயர் மீண்டும் தன் தகுதியைக் காட்டும்.

சொகுசைப் பற்றியும் ஒரு குறை சொல்லப்படுகிறது: ஃபேட் பைக் மெத்தென்று இருப்பதற்குப் பதிலாகத் துள்ளுகிறது என்று. இது பொய்யல்ல. டயரின் தோலில் ஏற்படும் இழுவிசை காற்றழுத்தத்தோடு அகலத்தையும் பொறுத்துக் கூடுகிறது. எனவே 25 இறாத்தல் காற்று ஒடுங்கிய டயரில் தளர்வு, நாலங்குல டயரில் கல். அவ்வளவு காற்றோடு ஓட்டினால் டயர் பந்தைப் போல எகிறும். அதிர்வை விழுங்கி அடக்க அதில் எதுவும் இல்லை. காற்றைப் போதிய அளவு இறக்கினாலே குறை பெரும்பாலும் தீரும். மிக இறக்கினால் தார் வீதியில் முன்சில்லு தன்பாட்டில் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும். 50 இறாத்தல் டயரில் இரண்டு இறாத்தல் பிசகு யாருக்கும் தெரியாது. 6 இறாத்தலில் அது மூன்றில் ஒரு பங்கு. கையால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது, குறைந்த அழுத்தத்தைத் துல்லியமாகக் காட்டும் அளவுகோல் வேண்டும்.

போருக்குப் பின் பிரதான வீதிகள் காப்பெட் இடப்பட்டு, உள்வீதிகள் பல கொங்கிரீட்டாகிவிட்ட நிலையில், பருத்த டயரின் பாரம் வீண் என்று சொல்வோருக்குப் பதில் சொல்வது எளிதல்ல. 2022 எரிபொருள் நெருக்கடியில் நாடு முழுவதும் மக்கள் சைக்கிளுக்குத் திரும்பியபோது அவர்களுக்குத் தேவைப்பட்டது இலகுவாக உருளும் சாதாரண டயர்தான். தினமும் மட்டக்களப்பு நகருக்கு வேலைக்குப் போய்வருபவருக்கு ஃபேட் பைக் தேவையில்லை. அவருக்கு இரண்டங்குல டயர் போதும், அதில் 30 இறாத்தல் காற்று வைத்தால் சொகுசும் கிடைக்கும். மணலில் இறங்குபவருக்கு மட்டுமே அகலத்தின் விலை நியாயமாகிறது, அதுவும் உப்பைக் கணக்கில் எடுத்த பின். அகல ரிம்மின் ஓட்டைகளுக்குள்ளும் கம்பிகளின் முடிச்சுகளிலும் தங்கும் உப்பு மணல் அலுமினியத்தையும் பித்தளையையும் சேர்த்து அரிக்கும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால் டயர் தேய்வதற்கு முன்பே சில்லு போய்விடும்.