வெயிலுக்கு ஆகாத வண்டி

லெகோ கட்டைகளில் செய்த ரிமோட் வண்டியை நம் பிள்ளைகள் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் வெளியே இறக்குகிறார்கள். திண்டுக்கல் வெயிலுக்கு அஞ்சி அல்ல, வண்டிக்குத்தான் வெயில் ஆகாது!

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் இன்றைய கட்டைக்குக் காப்புரிமை கோரியது 1958இல். பல்சக்கரமும் அச்சும் சேர்ந்த டெக்னிக் வரிசை 1977இல் வந்த பிறகுதான் கட்டை, வீடு கட்டுவதைத் தாண்டி இயந்திரம் செய்யவும் ஆனது. ஆரம்பத்தில் மோட்டார் வண்டியின் ஒயரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். 2002இல் வந்த 8475 பந்தய வண்டி ரேடியோ அலையில் ஓடியது. ஒயரும் இல்லை, வெயிலும் தடையில்லை.

பிறகு 2007இல் வந்த பவர் ஃபங்ஷன்ஸ் வரிசையில் டிவி ரிமோட் போல அகச்சிவப்புக்கு மாறினார்கள். அந்த வரிசையில்தான் 2012இல் 9398 வந்தது. கரடுமுரடான பாதைக்கென்றே செய்தது; 1327 துண்டுகள், நாலு சக்கரமும் இழுக்கும், நாலும் திரும்பும். ஆனால் சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைந்திருப்பதால், வெட்டவெளியில் ரிமோட் சொல்வது வண்டிக்குச் சரியாக எட்டாது. கல்லில் ஏறச் செய்த வண்டி நிழல் தேடுகிறது.

2019இன் 42099 ப்ளூடூத்தில் ஓடுவதால் வெயில் பிரச்சினை இல்லை. ஆனால் போனும் அதற்கான செயலியும் இல்லாமல் அசையாது. எனவே, பழைய 9398 பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதற்கு ஆறு பென்சில் பேட்டரியும் அதன் ரிமோட்டும் போதும்.