டென்பின் பௌலிங்: ஆட்ட நுட்பமும் புள்ளி உயர்வும்

டென்பின் பௌலிங் என்பது நீண்ட தடத்தில் பந்தை உருட்டி, மறுமுனையில் முக்கோணமாக நிற்கும் 10 பின்களைச் சாய்க்கும் உள்ளரங்க விளையாட்டு. 1895இல் நியூயார்க்கில் அமைந்த அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் இதன் விதிகளையும் அளவுகளையும் ஒழுங்குபடுத்தியது. தொடக்கநிலை ஆட்டக்காரரின் புள்ளி உயர்வதற்குக் கைவலுவைவிட இரண்டு பழக்கங்களே பெரிதும் காரணம்: ஒரே அசைவை மாறாமல் செய்வது, எஞ்சிய பின்களை விடாமல் வீழ்த்துவது. கீழே உள்ள திசைக் குறிப்புகள் வலக்கை ஆட்டக்காரருக்கானவை. இடக்கையருக்கு இவை இடம் வலமாக மாறும்.

புள்ளிக் கணக்கு

ஓர் ஆட்டத்தில் 10 ஃபிரேம்கள் (சுற்றுகள்). முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக். 10 புள்ளியுடன் அடுத்த இரு பந்துகளின் புள்ளியும் சேரும். இரண்டாம் பந்தில் மிச்சத்தை வீழ்த்தினால் ஸ்பேர். அடுத்த ஒரு பந்தின் புள்ளி மட்டும் சேரும். கடைசி ஃபிரேமின் கூடுதல் பந்துகள் உட்படத் தொடர்ந்து 12 ஸ்ட்ரைக் எடுத்தால் உச்சப் புள்ளியான 300 கிடைக்கும். ஒவ்வொரு ஃபிரேமிலும் முதல் பந்தில் 9 பின்னைச் சாய்த்து, மீதியைத் தவறவிடுபவர் பெறுவது 90. அந்த ஒற்றைப் பின்னையும் ஒவ்வொரு முறையும் வீழ்த்தி, கடைசிக் கூடுதல் பந்திலும் 9 எடுப்பவர் ஒரு ஸ்ட்ரைக்கும் இல்லாமலேயே 190 எட்டுவார்.

குறி

பந்தை விடும் எல்லையான ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. தடத்தின் குறுக்கே 39 பலகைகள். கோட்டுக்கு அப்பால் 12 முதல் 16 அடிக்குள் 7 அம்புக்குறிகள் உள்ளன. தொலைவில் நிற்கும் பின்னைவிட, இந்த அம்புகளில் ஒன்றைப் பார்த்து உருட்டுவதே துல்லியம் தரும். நேராக ஓடும் பந்து 15 அடியில் ஒரு பலகை விலகினால், பின்களை அடையும்போது விலகல் 4 பலகை, அதாவது ஏறத்தாழ 11 செ.மீ. ஆகிவிடும்.

நடையும் விடுப்பும்

நான்கடி நடை பரவலானது. வலக்காலை எடுத்துவைக்கும்போதே பந்தை முன்னே நீட்டி, அதன் எடையாலேயே கை பின்னோக்கி ஊசலாட விட வேண்டும். கடைசி அடியில் இடக்கால் வழுக்கி நிற்கும். தோளை இறுக்கி வேகம் கூட்டினால் பாதை கோணும். விடும்போது கட்டைவிரல் முதலில் வெளிவர, மற்ற இரு விரல்களும் பந்துக்குச் சுழற்சி தருகின்றன. பந்தின் எடை 16 பவுண்டை (7.26 கி.கி.) மிஞ்சக்கூடாது, கட்டைவிரல் சிக்காமல் கழலும் துளையும் தோளைத் தளர்த்தி வீசக்கூடிய எடையும் தேவை.

ஸ்ட்ரைக்குக்கு ஏற்ற இடம், முன்னால் நிற்கும் 1ஆம் பின்னுக்கும் அதன் பின்னே வலப்புறம் நிற்கும் 3ஆம் பின்னுக்கும் இடைப்பட்ட பகுதி. நன்றாக விழுந்த ஸ்ட்ரைக்கில் பந்து தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கை மட்டுமே. மற்றவற்றைப் பின்களே சாய்க்கின்றன. வளைந்து, சுமார் 6 பாகைக் கோணத்தில் நுழையும் பந்து இதற்கு உகந்தது. நேர்ப்பந்துக்குத் தடத்தின் ஓரத்திலிருந்து விட்டாலும் 2 பாகைகூடக் கிடைக்காது.

எண்ணெய்ப் பூச்சு

தடத்தின் முன்பகுதியில் எண்ணெய் பூசப்பட்டிருக்கும்; பின்பகுதி உலர்ந்திருக்கும். பந்து முதலில் வழுக்கி, உலர்ந்த பகுதியில் பிடிப்புக் கிடைத்ததும் வளைகிறது. ஆட்டம் நடக்க நடக்க எண்ணெய் தேய்வதால் வளைவு முன்னதாகவே தொடங்கும். நன்றாக விட்ட பந்தும் இலக்குக்கு இடப்புறம் போனால், அதே அம்பைக் குறிவைத்து, நிற்கும் இடத்தை இடப்புறம் மாற்ற வேண்டும்; வலப்புறம் போனால் வலப்புறம்.

ஸ்பேர்

இடப்பக்கப் பின்களுக்கு 3-6-9 முறை பயன்படுகிறது. ஸ்ட்ரைக்குக்கு நிற்கும் இடத்திலிருந்து 2ஆம் பின்னுக்கு 3 பலகை, 4ஆம் பின்னுக்கு 6, 7ஆம் பின்னுக்கு 9 என வலப்புறம் நகர்ந்து, அதே அம்பின் மேல் உருட்டுவர். ஓரத்தில் தனித்து நிற்கும் 10ஆம் பின்னுக்குப் பலர், அதிகம் வளையாத பிளாஸ்டிக் பந்தை எடுத்துத் தடத்தின் குறுக்காக விடுவர். 7, 10 இரண்டும் எஞ்சும் ஸ்பிளிட்டில் இரண்டையும் துரத்தாமல், ஒன்றை உறுதியாக வீழ்த்துவதே லாபம்.