வேலியே பயிரை மேயாதிருக்க

நம் தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பதை அறிவீர்கள். கல்லில் எழுதிவைத்து ஊரறியச் செய்வது நம் முன்னோர் வழக்கம். தொண்டை நாட்டு உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வகுக்கப்பெற்ற சபை விதிகளும் இவ்வாறே கோயிற் சுவரில் பொறிக்கப்பெற்றன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடவோலைக்கு உரியனல்லன். அவன் நெருங்கிய உறவினரும் உரியரல்லர். உறவின் வழியாகவும் ஆதாயம் புகும் என்பதை அச்சபையார் உணர்ந்திருந்தனர்.

நிற்க. 1950-இல் நடப்புக்கு வந்த அரசியலமைப்பின் 191-ஆம் விதி, சட்டம் விலக்களித்த பதவிகள் நீங்கலாக, அரசின்கீழ் ஆதாயப் பதவி வகிப்போர் மாநிலச் சட்டமன்றத்தில் அமர்தலாகாது என்றது. அமைச்சரைக் கேள்வி கேட்கவேண்டியவர் அவ்வரசிடமே ஊதியம் பெற்றால் வாய் திறப்பாரோ? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9-அ பிரிவு, அரசுக்குச் சரக்கு வழங்கவும் வேலை செய்யவும் ஒப்பந்தம் கொண்டோரை விலக்குகிறது.

மறைவாய்ப் பணம் பெறுவோரை என் செய்வது? 1951-இல் இவ்வினா தில்லியில் எழுந்தது. தற்காலிகப் பாராளுமன்ற உறுப்பினர் முத்கல், பம்பாய்ப் பொன் வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்று அவர்கள் பொருட்டுச் சபையில் முயன்றார் என்பது குற்றச்சாட்டு. சென்னை டி. டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையில் அமைந்த குழு விசாரித்துக் குற்றம் உண்மையெனக் கண்டது. தீர்மானம் நிறைவேறுமுன் முத்கல் ராஜினாமாச் செய்தார். ஆயினும் சபை விடவில்லை; வெளியேற்றத்தக்கவரே அவர் எனத் தீர்மானித்தது.

கர்நாடகத்திலோ, 1984-ஆம் ஆண்டு லோகாயுக்தா சட்டத்தின்படி, சட்டமன்ற உறுப்பினர் தம்முடையவும் குடும்பத்தாருடையவுமான சொத்து, கடன் விவரங்களை ஆண்டுதோறும் அளித்தல் வேண்டும். ரயில்வே குமாஸ்தாவாகிய யான் ஒரு மனை வாங்கினாலும் மேலிடத்துக்கு எழுதியாக வேண்டும். சட்டம் இயற்றுவோர்க்கு அதனினும் குறைந்த விதி தகுமோ?

எனினும், சொத்து எவ்வளவு என்பது மட்டும் போதாது. எம்மசோதாவால் எவருக்குச் சொந்த ஆதாயம் என்பதும் தெரிதல் வேண்டும். ராஜ்யசபை தன் உறுப்பினரின் தொழில் நலன்களுக்குப் பதிவேடு வைத்துள்ளது. எல்லா மாநில மன்றங்களும் இம்முறையைக் கைக்கொள்வது நலம்.

பிழைப்புக்கு வந்த ஊராயினும் நாம் இம்மாநிலத்து வாக்காளர். வாக்குக் கேட்டு வருவோரிடம் குழாய்நீர் கேட்கிறோம், தெருவிளக்குக் கேட்கிறோம். இனிக் கணக்கும் கேட்போமாக!