டின், டிரம், பட்டா: நகர மண் குறித்துச் சில குறிப்புகள்

சென்னையின் வரலாற்றைக் கோட்டையில் தொடங்குவது வழக்கம். எனக்கு ஒரு மண்ணெண்ணெய் டின்னில் தொடங்குவது வசதியாகப் படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்தும் பிறகு பர்மாவிலிருந்தும் இந்தியச் சந்தைக்கு வந்த மண்ணெண்ணெய் சதுரத் தகர டின்களில் அடைபட்டு வந்தது. டின் ஒன்றுக்கு நான்கு காலன். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 18 லிட்டர். 1928இல் பர்மா-ஷெல் உருவாகி இந்நாட்டு விற்பனையைக் கையிலெடுத்தபோது இந்த டின் ஏற்கெனவே வீட்டுச் சாமான் ஆகியிருந்தது. எண்ணெய் எரிந்து தீர்ந்தது, டின் தீரவில்லை. தண்ணீர்க் காவடியின் இரண்டு முனையிலும் தொங்கியது. வெட்டி விரித்தால் குடிசைக்குக் கூரை. அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டால் செடித்தொட்டி. காலனியச் சரக்கின் காலி உறை, அந்தச் சரக்கைச் சில்லறையில் வாங்கியவர்களுக்கு மண் கொள்ளும் பாத்திரமாக மாறியது. இறக்குமதிக் கணக்குகளுக்கு எண்ணெய்தான் முக்கியம். காலி டின் யாருக்கு வேண்டும்?

கொல்லை இருந்தவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. கிணற்றடி வாழையும் முற்றத்துத் துளசி மாடமும் வீட்டு மனையோடு சேர்ந்து வருபவை. மனை, சாதியோடு சேர்ந்து வருவது. டின்னில் செடி வைப்பது, காலடி நிலம் தன்னுடையதில்லை என்று தெரிந்தவர்களின் விவசாயம். திணைக் கோட்பாட்டைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கத் தோன்றுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் பூவும் அதற்குரிய கருப்பொருள். டின்னில் நிற்கும் தூதுவளைக்கு எது முதற்பொருள்? (நகரத்தில் செம்மண் மூட்டைக் கணக்கில் விற்கிறது. நிலமற்றவர்கள் பணம் கொடுத்து வாங்கும் ஒரே நிலம் அதுதான்.)

டின்னின் அளவைக் கவனிக்க வேண்டும். ஈர மண்ணோடு இருபத்தைந்து, முப்பது கிலோ வரும். ஒருத்தி மூச்சைப் பிடித்து இடுப்பில் ஏற்றிவிடலாம். குடிசையைப் பிரிக்கச் சொன்னால் பானை, பாய், டிரங்குப் பெட்டியோடு செடியும் லாரி ஏறும். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது, 1971இல் அதற்கான சட்டம். அந்த ஆண்டிலேயே சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் சட்டப்படி அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அதன் பிறகு நெடுங்காலம் ஒன்றுகூட இல்லை. அறிவிப்பு இல்லையென்றால் அந்த இடம் அரசின் காகிதத்தில் ஆக்கிரமிப்பு. அங்கே பிறந்து கிழவியானவளும் ஆக்கிரமிப்பாளர். அப்படிப்பட்ட இடத்தில் தூக்கிச் செல்லக்கூடிய செடியைத்தான் வைக்க முடியும்.

பிறகு டிரம் வந்தது. இருநூறு லிட்டர் இரும்பு டிரம்முக்கு அமெரிக்காவில் 1905இல் காப்புரிமை வாங்கினார்கள். இரண்டாம் உலகப்போர் அதை உலகெங்கும் உருட்டிவிட்டது. நம் தெருக்களை ஆண்டது அதன் வாரிசான நீலப் பிளாஸ்டிக் டிரம். ஆலைகளுக்கு அமிலமும் கரைப்பானும் சாயமும் கொண்டுவந்து, காலியாகி, காயலான்கடைக்குப் போய், லாரித் தண்ணீர் பிடிப்பதற்காக வீட்டு வாசலுக்கு வந்தது. வெடித்துத் தண்ணீர் நிற்காமல் போனதும் இரண்டாக அறுபட்டுத் தோட்டமானது. இரும்பு டிரம் சித்திரை வெயிலில் வேரை வேகவைத்துவிடும், சாக்கு சுற்ற வேண்டும். உப்புக்காற்றில் நாலைந்து வருஷத்தில் அடி உதிரும். பிளாஸ்டிக்கில் அந்தத் தொல்லை குறைவு. அடியில் ஓட்டை, ஓட்டை அடையாமல் ஓட்டுச்சில்லு, மேலே தேங்காய் மட்டை, பிறகு மண்ணும் சாணியும், டிரம்முக்குக் கீழே தண்ணீர் வடிய இரண்டு செங்கல். பாதி டிரம்மில் கீரை, கத்தரி, மிளகாய். அறுக்காத முழு டிரம்மில் முருங்கையே வைத்திருந்தார்கள்.

நான் பார்த்தது 2013 வாக்கில், அடையாற்றங்கரையில். அறுபது வயதிருக்கும் அந்த அம்மாவிடம், இவ்வளவு பெரியதில் ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். "இத்த எவனும் தூக்கினு போவ முடியாதில்ல, அதுக்குத்தான்" என்றார். மண்ணோடு முந்நூறு கிலோ. டின் புறப்படத் தயாராக இருந்த செடி. டிரம் புறப்பட மறுக்கும் செடி. எனக்கு ஏற்பட்ட பரவசத்தைச் சொல்ல வேண்டும். பட்டா இல்லாதவர் தனக்குத் தானே எழுதிக்கொண்ட பட்டா, அதிகாரத்தின் வரைபடத்துக்குள் ஓர் எதிர்ப் பிரதி என்றெல்லாம் மனசுக்குள் கட்டுரை ஓடத் தொடங்கிவிட்டது.

அந்த அம்மா என் கையைப் பிடித்து அரைக்கீரை வைத்திருந்த பாதி டிரம்மிடம் கூட்டிப்போனார். "தம்பி, நீ படிச்சவன்தானே, இதுல இன்னா எழுதிக்கீதுன்னு பாத்துச் சொல்லேன். புள்ளைங்க இந்தக் கீரையத்தான் துன்னுதுங்க."

லேபிள் பாதி உரிந்திருந்தது. முக்கோணத்துக்குள் இரண்டு என்ற எண் இருந்தது. அது பிளாஸ்டிக்கின் வகையை மட்டும் சொல்லும். உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்லாது. சாய்சதுரம் ஒன்றில், சொட்டும் திரவம் ஒரு கையை அரிக்கும் படம். அரிக்கும் பொருள் என்று அர்த்தம். எந்தப் பொருள் என்பது உரிந்துபோன பாதியில் இருந்தது. அமிலமாக இருந்தால் கழுவக் கழுவப் போகும். கரைப்பானோ பூச்சிமருந்தோ என்றால் பிளாஸ்டிக்கின் சுவருக்குள்ளேயே ஊறிக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் கசியும். குறியீட்டைப் படிக்கப் போன நான் லேபிளைப் படிக்கத் தெரியாமல் நின்றேன். கீரை வேண்டாம், பூச்செடி வையுங்கள் என்றேன். "பூவயா துன்றது?" என்றார்.

அபாயகரமான ரசாயனம் பட்ட காலி டிரம்களும் அபாயகரக் கழிவே என்று 2016ஆம் ஆண்டின் விதிகள் பட்டியலிடுகின்றன. ஆலை வாசலோடு அந்தப் பட்டியலின் கண் மூடிக்கொள்கிறது. காயலான்கடைப் பின்புறத்தில் வெறுங்கையால் டிரம் கழுவுகிறவர்களும் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் சாக்கடையும் அதில் இல்லை. மறுபயன்பாடு என்ற இனிய சொல்லைக் கேட்கும்போதெல்லாம் யார் கழுவினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. விளிம்புநிலை மக்களின் படைப்பாற்றல் என்று எழுதிக் கைகழுவும் நம்மவர்களையும், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதே 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கு அரசு மானியத்தில் தளைகள் வழங்கியது. பைகள், தென்னைநார்க் கழிவு, விதை, உரம். நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முதலில் மாடி வேண்டும். மாடி இல்லாதவர்களை நகரம் வேறு திசையில் அனுப்பிக்கொண்டிருந்தது. 2000 முதல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம். கண்ணகி நகரின் தொடக்கக்கால வீடுகள் இருநூறு சதுர அடியைத் தொடவில்லை. பெரும்பாக்கத்தில் தரையோடு சேர்த்து எட்டுத் தளம். மாடி கிடைத்தது, ஆனால் மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. பொது என்றால் பூட்டு.

அடையாற்றங்கரையில் நான் பார்த்த முருங்கை டிரம்மை வெள்ளம் நகர்த்தவில்லை. பிறகு வந்த பொக்லைன் நகர்த்தியது. அந்த அம்மா இப்போது பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் இருக்கிறார். லிப்ட் ஓடாத நாட்களில் செடிக்கும் சேர்த்துக் குடத்தில் தண்ணீர் ஏறுகிறது. மகன் பெயிண்டர். வேலை முடிந்த இடங்களிலிருந்து காலியான இருபது லிட்டர் வாளிகளைக் கொண்டுவருகிறான். நடைவழியில் வரிசையாக ஏழு வாளி வைத்திருக்கிறார். ஒன்றில் கற்பூரவல்லி, இரண்டில் மிளகாய், மற்றவற்றில் அரைக்கீரை. போன முறை போனபோது ஒவ்வொரு வாளியின் லேபிளையும் என்னைப் படிக்கச் சொன்னார். படித்துக் காட்டினேன். வாளிகளின் இரும்புக் கைப்பிடிகளை அவர் கழற்றவில்லை.