எல்லைப்புறத்தில் குடிமையியல்: பாகலூர் வட்டாரத்தின் வரலாறு தரும் பாடம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து மாலூர் செல்லும் சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பாகலூர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் புழங்கும் வட்டாரம் இது. அரசு என்றால் என்ன, விடுதலை என்றால் என்ன, குடிமக்களுக்கு உரிமை எங்கிருந்து வருகிறது ஆகிய கேள்விகளுக்குப் பாடநூல்கள் பெரும்பாலும் தில்லியிலிருந்தும் இலண்டனிலிருந்தும் எடுத்துக்காட்டுகள் தருகின்றன. இந்த வட்டாரத்தின் சொந்த வரலாற்றைக் கொண்டே அவற்றுக்கு விடை சொல்ல முடியும்.

பாளையக் குடிகள்

பாகலூர், பேரிகை, சூளகிரி, அங்குசகிரி ஆகியவை பழைய ஓசூர்ப் பகுதியின் பாளையங்கள். பாளையக்காரர் வரி தண்டினார், காவல் காத்தார், வழக்கும் தீர்த்தார். மூன்று அதிகாரங்களும் ஒரே கையில் இருந்தன. குடிகளுக்கு வழக்கப்படி சில சலுகைகள் இருந்தன. ஆனால் அவற்றை மறுத்தால் முறையிடுவதற்குப் பாளையக்காரருக்கு மேலான ஒரு சட்டம் இல்லை. சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: சலுகையைக் கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளலாம், உரிமையை அப்படி எடுக்க முடியாது.

1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி பாராமகால் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்றது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் அங்கே நிலங்களை அளந்து, உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் இரயத்துவாரி முறையை உருவாக்கினர். 1799இல் நான்காம் மைசூர்ப் போர் முடிந்தபின் ஓசூர்ப் பகுதியும் கம்பெனி ஆட்சிக்குள் வந்தது. எழுதப்பட்ட சட்டமும் நீதிமன்றமும் வந்தன. எனினும் அந்தச் சட்டத்தை இயற்றியதில் குடிகளுக்குப் பங்கு இல்லை. 1937 தேர்தலில்கூடச் சொத்து, வரி, கல்வித் தகுதி உடையோருக்கு மட்டுமே வாக்கு இருந்தது. 1951-52 பொதுத்தேர்தலில்தான் வயதுவந்த ஒவ்வொருவரும், ஆணும் பெண்ணும், வாக்காளர் ஆயினர். ‘குடிகள்’ ‘குடிமக்கள்’ ஆன கதையின் சுருக்கம் இது.

தொரப்பள்ளி முன்சீபின் மகன்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் இராஜாஜி. அவருடைய தந்தை அவ்வூரின் கிராம முன்சீப். ஓசூர்ப் பள்ளியில் பயின்று, பெங்களூரிலும் சென்னையிலும் படிப்பை முடித்துச் சேலத்தில் வழக்கறிஞர் ஆனார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார்.

ஒத்துழையாமை இயக்கத்தில் கைதாகி, 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை வேலூர்ச் சிறையில் இருந்தபோது அவர் ஒரு நாட்குறிப்பு எழுதினார். சுயராச்சியம் கிடைத்த உடனே நல்லாட்சி வந்துவிடாது, தேர்தலும் அதன் ஊழல்களும் பணபலமும் நிருவாகத் திறமைக் குறைவும் மக்களை வாட்டும் என்று அதில் கணித்தார். அனைவருக்குமான கல்வியால் நல்லொழுக்கம் வளர்வதையே நம்பிக்கைக்குரிய வழியாகக் கண்டார். விடுதலை கிடைப்பதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, விடுதலையைக் காக்கக் கல்வி வேண்டும் என்று எழுதியவர் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர்.

அதிகாரம் கைக்கு வந்தபோது இதே தலைவர் வேறொரு சோதனையைச் சந்தித்தார். 1937இல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். 1938இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயப் பாடமாக்கும் ஆணை வந்தது. எதிர்த்து மறியல் செய்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். காங்கிரசார் முன்பு அடக்குமுறைச் சட்டம் என்று கண்டித்த குற்றவியல் திருத்தச் சட்டமே அவர்கள்மீது ஏவப்பட்டது. சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிரிழந்தனர். காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகிய பிறகு, 1940 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இதிலிருந்து மாணவர் ஒன்றை உணரலாம். உரிமைக்காகப் போராடியவர் ஆள வந்தாலும், அவருடைய நல்லெண்ணத்தை மட்டும் நம்பி உரிமையை விட்டுவிட முடியாது. அதற்கு எழுதப்பட்ட காப்பு வேண்டும்.

அரசமைப்பு தந்த காப்பு

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பு அந்தக் காப்பைத் தந்தது. பேச்சு, ஒன்றுகூடல், சங்கம் அமைத்தல், நாடெங்கும் சென்று வாழ்தல் ஆகிய சுதந்திரங்களை 19ஆம் உறுப்பு குடிமக்களுக்கு வழங்குகிறது. 29ஆம் உறுப்பு தனித்த மொழி, பண்பாடு உடையோர் அவற்றைப் பேணிக்கொள்ளும் உரிமையைக் கூறுகிறது. சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்கள் அமைக்கும் உரிமை 30ஆம் உறுப்பில் உள்ளது.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டன. கொள்ளேகால் மைசூருக்குச் சென்றது. ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நீடித்தது. எல்லையை எங்கே வரைந்தாலும் சிலர் தம் மொழியினர் அதிகம் வாழும் மாநிலத்துக்கு வெளியே நிற்கவே செய்வர். இதை உணர்ந்து அதே ஆண்டு ஏழாம் திருத்தத்தின் மூலம் 350அ உறுப்பு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி நிலையில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அது. ஓசூர் வட்டாரத்தின் தெலுங்கு, கன்னட, உருதுப் பள்ளிகளுக்குப் பின்னால் இந்தக் கருத்து நிற்கிறது.

2006: அதே கேள்வி, வேறு திசையில்

2006இல் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் வந்தது. முதல் வகுப்பு தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயப் பாடமானது. தாய்மொழி வேறாக இருந்தால் அது விருப்பப் பாடமாக நின்றது. இச்சட்டத்தின்படி படித்த முதல் மாணவர்கள் 2016இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எட்டியபோது சிக்கல் வெளிப்பட்டது. தமிழ் ஆசிரியர் போதிய அளவில் நியமிக்கப்படாத பள்ளிகளின் மாணவர் தமிழ்த் தேர்வை எப்படி எழுதுவர் என்று சிறுபான்மை மொழியினர் வழக்குத் தொடுத்தனர். உயர் நீதிமன்றம் விலக்கு அளித்தது. 2023இல் உச்ச நீதிமன்றமும் மேலும் ஓராண்டு விலக்கு வழங்கியது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் வாழும் குழந்தைக்கு அலுவலகத்திலும் வேலையிலும் தமிழ் தேவை, அதை மறுப்பது அக்குழந்தைக்கே இழப்பு. அதே வேளையில், கற்பிக்க ஆசிரியரைத் தராமல் தேர்வை மட்டும் கட்டாயமாக்குவது நீதி ஆகாது. 1938இல் தமிழ் மாணவர் கேட்ட கேள்வியை 2016இல் தெலுங்கு, கன்னட மாணவர் கேட்டனர் எனலாம். முன்னது தெருவிலும் சிறையிலும் கேட்கப்பட்டது. பின்னது நீதிமன்றத்தில் கேட்கப்பட்டது. இடையில் வந்த அரசமைப்பே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். 2024இல் கிருஷ்ணகிரித் தொகுதியின் மக்களவை உறுப்பினர் தெலுங்கில் பதவி ஏற்றதும் இதே காப்பின் கீழ்தான்.

தொழிற்சாலை வாயிலில்

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டைகள் வளர்ந்த பின் வட மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து குடியேறினர். அவர்கள் இங்கு வந்து வாழ்வது 19ஆம் உறுப்பு தரும் உரிமை. அவர்களின் பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியில் சேர்வது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் தரும் உரிமை.

2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாள்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டு, மே நாளில் திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. சட்டம் நிறைவேறியபின்னும் குடிமக்களின் குரலுக்கு இடம் உண்டு என்பதற்கு இது அண்மைச் சான்று.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

குடிமையியலை மனப்பாடப் பகுதியாக வைத்தால் மாணவர் உறுப்பு எண்களை நினைவில் வைப்பர், உரிமையைப் பயன்படுத்த அறியார். எளிய பயிற்சிகள் சில உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். மாணவர் தம் பெற்றோருடன் சென்று, வரவு செலவு எப்படி வாசிக்கப்படுகிறது, யார் கேள்வி கேட்கிறார், பெண்கள் பேசுகிறார்களா என்று குறித்து வரலாம்.

அடுத்து, மனு எழுதுதல். குறைதீர்க்கும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் அளிக்கலாம் என்கிறது 350ஆம் உறுப்பு. பாகலூரில் ஒரு பாட்டி தெலுங்கில் சொல்ல, பேரன் தெலுங்கிலேயே எழுதித் தரலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு கேள்வி கேட்டு, 30 நாளில் பதில் பெறலாம்.

பாளையக்காரரின் முன்னால் கைகட்டி நின்ற ஊரில், இன்று ஒரு மாணவி ஊராட்சியின் கணக்கைக் கேட்க முடிகிறது. கேட்கத் தெரிந்த தலைமுறை இல்லாவிட்டால் சட்டத்தில் எழுதிய உரிமை ஏட்டிலேயே நின்றுவிடும். அந்தத் தலைமுறையை ஆயத்தப்படுத்துவதே குடிமையியல் பாடத்தின் பணி.